பாட்டுக்கு மேலே யார் பெயர்?

நியூயார்க்கில் பிக்லோ அண்டு மெயின் என்று ஒரு பதிப்பகம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவிசேஷப் பாட்டுதான் அதன் சரக்கு. ஞாயிறு பள்ளிக்கும் எழுப்புதல் கூட்டத்துக்கும் ஏற்ற எளிய சொல், சட்டென்று ஒட்டிக்கொள்ளும் பல்லவி. இந்தப் பாட்டுகளை பக்தியாக மட்டும் வாசிப்பது போதாது என்று நினைக்கிறேன். உழைப்பாகவும் வாசிக்க வேண்டும். எழுதினது யாரு, காசு யாருக்குப் போச்சு என்று கேட்க வேண்டும்.

ஃபேனி கிராஸ்பியை எடுத்துக்கொள்வோம். 1820இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே பார்வை போய்விட்டது. எட்டாயிரத்துக்கும் மேலே பாட்டு எழுதினார். ஒரு பாட்டுக்குக் கிடைத்தது ஒன்றிரண்டு டாலர். உரிமை பதிப்பாளர் கையில். புத்தகம் முழுக்க ஒரே பெயர் வந்தா நல்லா இருக்காதுன்னு நூற்றுக்கு மேற்பட்ட புனைபெயர்கள் வேறு. மன்ஹாட்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர் அவர். இதைக் கூலி என்றுதான் சொல்ல முடியும். ஆனாலும் அவர் பெயர் நின்றது.

அதே பதிப்பகம் 1872இல் இன்னொரு புத்தகம் போட்டது. ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்களின் பாட்டுகள். அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களுக்காக 1866இல் நாஷ்வில்லில் தொடங்கிய ஃபிஸ்க் பள்ளி கடனில் மூழ்கிக் கிடந்தது. அதை மீட்க 1871 அக்டோபரில் ஒன்பது இளைஞர்கள் பாடிப் பணம் திரட்டக் கிளம்பினார்கள். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். முதலில் வெள்ளையர் பாட்டுகளைத்தான் மேடையில் பாடினார்கள். தாய் தகப்பன் பாடிய அடிமைக்காலப் பாட்டுகள் புனிதமானவை, வலி நிறைந்தவை. அந்நியர் முன்னால் பாடத் தயங்கினார்கள் என்று குழுவில் இருந்த எல்லா ஷெப்பர்ட் பின்னாளில் எழுதினார். அந்தப் பாட்டுகளைப் பாடத் தொடங்கிய பிறகுதான் சபை அசைந்தது. 1873இல் இங்கிலாந்து ராணி முன்னால் பாடினார்கள். திரட்டிய பணத்தில் 1876இல் ஜூபிலி மண்டபம் எழுந்தது.

அந்தப் புத்தகத்துக்கு இசைக்குறிப்பு எழுதிய தியோடர் சீவர்டுக்குப் பெயர் உண்டு. பாட்டைக் கட்டினவங்களுக்கு? அடிமைக்கு உடம்பே சொந்தமில்லை என்ற சட்டத்தில் பாட்டு எப்படிச் சொந்தமாகும்? சாக்டா இனத்தாரிடம் அடிமையாக இருந்த வாலஸ் வில்லிஸ் போல ஓரிருவர் பெயர் தப்பியது. 'ஸ்டீல் அவே' அவருடையது என்பார்கள். அதுவும் கேட்ட பாதிரியார் ஒருவர் நினைவில் வைத்திருந்ததால்தான்.

இந்த நிலையை உடைத்தவர்களில் ஒருவர் சார்லஸ் டிண்ட்லி. 1851இல் ஓர் அடிமையின் மகனாகப் பிறந்து, தானாகவே எழுத்துக் கற்றவர். பிலடெல்ஃபியாவில் தான் துப்புரவு வேலை பார்த்த அதே சபைக்கு 1902இல் போதகரானார். தன் பாட்டுகளைத் தன் பெயரிலேயே அச்சேற்றினார்.

ஜூபிலி பாடகர்கள் இங்கிலாந்து போன அதே 1873இல்தான் ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி'யை எழுதி, அடிமை முறைக்கு எதிராக நின்ற அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். அந்த உறவை நாம் இந்தப் பக்கமிருந்தும் தொடரலாம். நம் சேரிகளில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் சேகரிக்கப்பட்டு, 'நாட்டுப்புறப் பாடல்' என்று புத்தகமாகின்றன. அட்டையில் தொகுத்தவர் பெயர் இருக்கும். பாடின கிழவியின் பெயர் பல புத்தகங்களில் தேடினாலும் கிடைக்காது. நாட்டுக்கு ஏது வாய்? பாடினது ஒரு மனுஷி. பாட்டை எழுதிக்கொள்ளப் போகிற மாணவர்கள் முதலில் அவள் பெயரைக் கேட்டு எழுதட்டும்.