சேதனமும் கரிமமும்

ஒரே அறிவுத்துறைக்குத் தமிழில் இருவேறு பெயர்கள் வழங்குகின்றன. தமிழகப் பாடநூல்களில் ‘கரிம வேதியியல்’ எனப்படுவது இலங்கைப் பாடநூல்களில் ‘சேதன இரசாயனம்’ ஆகும். ‘கனிம’, ‘அசேதன’ என்பன முறையே அவற்றின் மறுதலைகள். இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. துறையின் வரலாற்றில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த இரு கொள்கைகள் இப்பெயர்களில் தங்கியுள்ளன.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ், தாவரங்களிலிருந்தும் விலங்குகளிலிருந்தும் கிடைக்கும் சேர்மங்களைத் தனிவகையாகக் கொண்டார். அவை உருவாவதற்கு உயிராற்றல் வேண்டும் என்பது அக்காலத்துப் பெருவழக்கான கருத்து. 1828இல் அவருடைய மாணவர் வோலர், வெள்ளி சயனேட்டுடன் அம்மோனியம் குளோரைடுக் கரைசலைச் சேர்த்து அம்மோனியம் சயனேட்டைப் பெற முயன்றார். கிடைத்ததோ சிறுநீரில் காணப்படும் யூரியா. சிறுநீரகத்தின் துணையின்றியே அதனை ஆக்க முடிந்ததைத் தம் ஆசிரியருக்கு எழுதினார்.

இவ்வொரு சோதனையால் உயிராற்றல் கொள்கை வீழ்ந்தது எனப் பாடநூல்கள் கூறுவது மிகையாகும். சயனேட்டே அக்காலத்தில் இரத்தம், கொம்பு போன்ற விலங்குப் பொருள்களின் வழியாகப் பெறப்பட்டது. ஆகவே உயிர்த்தன்மை அதில் எஞ்சியிருந்தது என ஒருவர் வாதிடக்கூடும். இவ்வையத்தை வோலரே அக்கடிதத்தில் குறித்துள்ளார். 1845இல் கோல்பே, கரியும் கந்தகமும் சேர்ந்த கார்பன் டைசல்பைடிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அசெட்டிக் அமிலத்தைப் பெற்ற பின்னரே அவ்வையம் வலுவிழந்தது. 1861இல் கெக்குலே இத்துறையைக் கார்பன் சேர்மங்களின் வேதியியல் என வரையறுத்தார். பிறப்பிடம் போய் இயைபு அளவுகோலாயிற்று.

தத்துவ நூல்களில் அறிவுடைப் பொருளைக் குறிக்கும் ‘சேதனம்’ பழைய கொள்கையின் சொல்; ‘கரிமம்’ கெக்குலேவின் வரையறைக்கு இயைவது. எனினும் அதன் இணையான ‘கனிமம்’ சுரங்கத்தையே நினைவூட்டுகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து ஆக்கப்படும் அம்மோனியாவும் கனிமச் சேர்மமே. கார்பன் டைஆக்சைடும் கார்பனேட்டுகளும் கார்பன் உடையனவாயினும் மரபு பற்றிக் கனிமத்துள் அடங்குகின்றன.

சொல்லின் இவ்விரட்டைப் பொருள் வகுப்பறையைக் கடந்தும் செல்கிறது. 2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, ‘சேதனப் பசளை’யை வலியுறுத்தியது. அவ்வாண்டிறுதிக்குள் தளர்த்தப்பட்ட அத்தடைக்கு உட்பட்டவற்றுள் யூரியாவும் ஒன்று. அந்நாட்டு வேதியியல் நூல்களிலோ அது சேதனச் சேர்மம்.