தனிமரமும் தோப்பும்: தெர்மோஸ்டாட் கருவிகளின் கூட்டு மின்தேவை



மின்தடை முடிந்து விளக்கு எரிகிறது. அப்பாடா என்று உட்கார்வதற்குள் மறுபடியும் இருட்டு! ஏன் தெரியுமா? காரணங்களுள் ஒன்று நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிதான். வாங்க, வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம்.

தொடக்கம் வகுப்பறையில். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்ற பேராசிரியர் இருந்தார். அறை சூடா, குளிரா என்று பார்க்கப் பணியாளர் அடிக்கடி உள்ளே வந்ததால் பாடம் தடைபட்டது. இதற்கு மாற்றுத் தேடிய ஜான்சன், 1883-இல் மின்சார தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

பின்னர் தெர்மோஸ்டாட் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. குளிர்சாதனப் பெட்டி, குளிரூட்டி, நீர் சூடேற்றி எல்லாம் இரு வெப்பநிலை எல்லைகளுக்கிடையே தாமாக ஓடும், தாமாக நிற்கும்.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 150 வாட் பெட்டிகள் 100 உள்ளன. ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு நேரமே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஓடும்போது இன்னொன்று ஓய்வெடுக்கும். ஆகவே சராசரித் தேவை 5 கிலோவாட். நீண்ட மின்தடையில் எல்லாப் பெட்டிகளும் குளிர் இழந்துவிடும். மின்சாரம் வந்ததும் நூறும் ஒன்றாக ஓடும்: 15 கிலோவாட்! இந்த மும்மடங்குச் சுமையால் மின்தடம் மீண்டும் துண்டிக்கப்படலாம்.

1981-இல் இஹாரா, ஷ்வெப்பி இருவரும் கருவிகளின் இயற்பியலை அடிப்படையாக வைத்து இந்தத் திடீர்ச் சுமைக்கு மாதிரி அமைத்தார்கள். 1985-இல் மல்ஹாமே, சோங் இருவரும் இன்னொரு படி ஏறினார்கள். ஒவ்வொரு கருவியையும் பின்தொடராமல், ‘ஓடுபவை’, ‘நிற்பவை’ என இரு கூட்டங்களாகப் பிரித்து, எந்த வெப்பநிலையில் எத்தனை பங்கு இருக்கும் என்று கேட்டார்கள். கதவை யார், எப்போது திறப்பார் என்று சொல்ல முடியாதே! அந்தத் தற்செயலையும் நிகழ்தகவாகக் கணக்கில் சேர்த்தார்கள். நுண்துகள்களின் தாறுமாறான அசைவை விளக்கும் ஃபாக்கர்-பிளாங்க் சமன்பாடு இங்கே கைகொடுத்தது.

2009-இல் கால்வே இதையே திருப்பிப் பார்த்தார். காற்றாலை மின்சாரம் ஏறி இறங்கும்போது, ஏராளமான கருவிகளின் வெப்பநிலை அமைப்பை இம்மியளவு மாற்றினாலே ஏற்றத்தாழ்வை ஈடுகட்டலாம் என்று காட்டினார். தொல்லை கொடுத்த கூட்டமே துணைக்கு வந்தது!

மாணவர்களே, காரணம்-விளைவுக் கட்டுரைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ‘தனிமரம் தோப்பாகாது’ என்பதையும் பொருத்திப் பாருங்கள். அடுத்த மின்தடையின்போது குளிரூட்டியை அணைத்துவிடுங்கள். மின்சாரம் வந்து சற்று நேரம் கழித்துப் போடுங்கள். தெருவே அப்படிச் செய்தால், வந்த விளக்கு அணையாமல் எரிய வாய்ப்பு அதிகம்.