மாண்டலின் ஏந்திய கிராமத்துப் பிள்ளைகள்

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இசை கற்பிப்பது என்று ஒரு நாடு முடிவு செய்துவிட்டால், அடுத்து ஒரு கேள்வி எழுகிறது: எந்த இசையைக் கற்பிப்பது? அந்தப் பிள்ளை தாய்மடியில் கேட்ட இசையையா, அல்லது அதனிலும் உயர்ந்தது என்று பெரியவர்கள் கருதும் வேறோர் இசையையா? இந்தக் கேள்விக்குச் சட்டத்தின் துணையுடனேயே விடை சொல்ல முற்பட்ட நாடு துருக்கி. அந்த விடை என்ன ஆயிற்று என்பதே இங்கு நாம் பார்க்கப் போகும் வரலாறு. இசை கூடுமா, கூடாதா என்னும் பழைய வழக்கை நான் இங்கே அவிழ்க்கவில்லை. அதை அறிஞர் பெருமக்கள் நூற்றாண்டுகளாகப் பேசி வந்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது பிள்ளைகளின் கதை.

உஸ்மானியர் காலத்து இஸ்தான்புலில் ஒரு பிள்ளையை முதன்முதலாக ஓத வைக்கும் நாள் தெருவுக்கே திருநாளாக இருந்தது. நம் வீடுகளிலும் அந்த நாளுக்கு ஒரு மகிழ்ச்சி உண்டல்லவா? அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அனைவரும் வரிசையாகத் திரண்டு வருவார்கள். குரல்வளம் படைத்த சிலர் 'இலாஹி' என்னும் இறைப்பாடல்களை இசைத்துச் செல்ல, மற்றவர்கள் 'ஆமீன்' என்று முழங்குவார்கள். இதனாலேயே அந்த ஊர்வலத்துக்கு 'ஆமீன் அணி' என்று பெயர். ஏட்டில் இசைப் பாடம் என்று எதுவும் இல்லாத அந்தக் காலத்திலும் குரலுள்ள பிள்ளை யார் என்பது ஊருக்குத் தெரிந்தே இருந்தது.

அப்படி அறியப்பட்ட ஒரு பிள்ளைதான் இஸ்மாயில். 1778-இல் ஹஜ்ஜுப் பெருநாளன்று பிறந்ததால் பெற்றோர் இட்ட பெயர் அது. தந்தையார் ஒரு குளிப்புக்கூடத்தின் உரிமையாளர். பள்ளியில் அந்தச் சிறுவன் பாடியதைச் செவியுற்ற ஓர் இசையறிஞர் அவனைத் தம் மாணவனாக ஏற்றார். பின்னர் யெனிகப்பியில் இருந்த மெவ்லவி தைக்காவில் பயின்று, துருக்கிய இசையின் தலைசிறந்த படைப்பாளிகளுள் ஒருவராக உயர்ந்தார் அவர். இன்றும் 'தெதெ எஃபெந்தி' என்று மரியாதையோடு அழைக்கப்படுகிறார். 1846-இல் ஹஜ் கடமைக்காகச் சென்றவர், அதே ஹஜ்ஜுப் பெருநாளில் மினாவில் காலமானார்.

அவர் கற்றதும் கற்பித்ததும் 'மஷ்க்' என்னும் முறையில். எழுத்துப் பயிற்சிக்கு வழங்கும் அதே சொல்தான். உஸ்தாதும் மாணவனும் முழங்காலோடு முழங்கால் பொருந்த எதிரெதிரே அமர்வார்கள். உஸ்தாத் இரு கைகளாலும் தொடையில் தட்டித் தாளத்தைக் காட்டுவார். பாட்டை அடியடியாகச் சொல்லித் தருவார். மாணவன் நெஞ்சில் பதியும் வரை திருப்பிச் சொல்வான். எழுதி வைப்பது அரிது. இந்தப் பாட்டை நான் இன்னாரிடம் பெற்றேன், அவர் இன்னாரிடம் பெற்றார் என்று சங்கிலித் தொடராகச் சொல்லும் வழக்கமும் இருந்தது. ஹதீஸின் இஸ்னாதை அறிந்த நமக்கு இது விளங்குவது கடினமன்று. இதில் ஒரு குறையும் உண்டு. உஸ்தாத் பிறருக்குச் சொல்லித் தராமல் மறைந்தால் பாட்டும் அவரோடு மறைந்துவிடும். அவ்வாறு மறைந்தவை கணக்கில.

மேற்கத்திய இசை அரண்மனைக்குள் வந்தது 1828-இல். ஜானிசரிப் படையைக் கலைத்துவிட்ட சுல்தான் இரண்டாம் மஹ்மூது, புதிய படைக்கு ஐரோப்பிய பாணியில் வாத்தியக்குழு அமைப்பதற்காக இத்தாலியிலிருந்து ஜுசெப்பே டொனிசெட்டியை வரவழைத்தார். புகழ்பெற்ற இசைநாடக ஆசிரியர் காயெத்தானோ டொனிசெட்டியின் தமையனார் இவர். இவரிடம் ஒப்படைக்கப்பட்ட இளைஞர்களுக்கு ஐரோப்பிய இசைக்குறிகள் தெரியாது. இவருக்கோ அவர்களுடைய முறை தெரியாது. வேறு யாராயினும் 'என் முறையைப் படியுங்கள்' என்று பலகையில் எழுதியிருப்பார்கள். டொனிசெட்டி அவ்வாறு செய்யவில்லை. ஹம்பார்சும் என்ற அர்மீனிய இசைவாணர் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் துருக்கிய இசைக்கென வகுத்திருந்த குறியீட்டை முதலில் தாம் கற்றுக்கொண்டார். பிறகு ஒவ்வொரு குறிக்கும் நேராக ஐரோப்பியக் குறியைக் காட்டி மாணவர்களை அழைத்துச் சென்றார். 1856-இல் இறக்கும் வரை அவர் இஸ்தான்புலிலேயே இருந்தார்.

இந்தப் பெருந்தன்மை நூறாண்டுகளுக்குப் பின் வந்த குடியரசின் கல்வியாளர்களிடம் இல்லை.

1924-இல் மதரஸாக்கள் மூடப்பட்டன. 1925-இல் தைக்காக்கள் மூடப்பட்டன. தெதெ எஃபெந்தி பயின்ற மெவ்லவி இல்லங்களும் அவற்றுள் அடங்கும். 'நே' என்னும் நாணற்குழலைப் பிள்ளைகள் கற்றுவந்த இடமே இல்லாமற் போயிற்று. 1926-இல் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். இஸ்தான்புலில் 1917 முதல் நடந்துவந்த 'தாருல் அல்ஹான்' என்னும் இசைப்பள்ளியில் துருக்கிய இசைக் கல்வி நிறுத்தப்பட்டது. பொதுப் பள்ளிகளிலும் அதைக் கற்பிக்கலாகாது என்று முடிவாயிற்று. இதற்குக் கருத்தளவில் அடித்தளம் இட்டவர் ஸியா கோகால்ப். நகரத்துப் பழைய இசை பைஜாந்தியரிடமிருந்து வந்தது, கிராமத்துப் பாடலே துருக்கியருக்குச் சொந்தம், அந்தப் பாடலை ஐரோப்பிய முறையில் அமைத்தால் தேசிய இசை பிறக்கும் என்று 1923-இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதியிருந்தார். 1934 நவம்பரில் வானொலியிலிருந்தும் பழைய இசை அகற்றப்பட்டது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் இந்தத் தடை நீடித்தது. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வானொலிப் பெட்டியின் முள்ளைக் கெய்ரோவுக்குத் திருப்பினார்கள். 1932-இல் பாங்கொலியின் சொற்களையே மாற்றி, 1950 வரை அதை அரபியில் ஒலிக்க விடாத அரசுக்குப் பாட்டை மாற்றுவது பெரிய காரியமாகத் தோன்றியிராது.

ஆனால், சட்டத்தால் மாற்ற இயலாத ஒன்று இருந்தது. அது காது. ஐரோப்பிய முறையில் ஒரு முழுச் சுரத்தை இரண்டு அரைச் சுரங்களாகப் பிரிப்பார்கள். துருக்கிய இசையறிஞர்கள் அதே முழுச் சுரத்தை ஒன்பது நுண்பகுதிகளாகக் கணக்கிடுவார்கள். அனத்தோலியக் கிராமத்துப் பாட்டுகள் பலவற்றில் 'ஸி' என்னும் சுரம் அதன் இயல்பான இடத்திலும் நிற்பதில்லை. அதற்குக் கீழேயுள்ள அரைச் சுரத்திலும் நிற்பதில்லை. இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. பாட்டின் உருக்கம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பியானோவில் அதற்குக் கட்டையே கிடையாது. கமகத்தின் குழைவை அறிந்த தமிழருக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. நிலைத்த சுரங்களையுடைய ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் விலக்கி வைத்து, 1971 வரை உள்ளே விடாதிருந்ததற்கும் இத்தகைய காரணமே சொல்லப்பட்டது.

அதே 1940-இல்தான் துருக்கியில் நம் கதையின் முக்கியமான கட்டம் தொடங்குகிறது. ஏறத்தாழ 40,000 கிராமங்கள் இருந்த அந்நாட்டில் பெரும்பாலானவற்றுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. பட்டணத்தில் படித்த ஆசிரியர்கள் கிராமத்தில் தங்குவதும் இல்லை. கிராமத்துப் பிள்ளைகளையே ஆசிரியர்களாக்கிக் கிராமத்துக்கே திருப்பி அனுப்புவது என்று கல்வி அமைச்சர் ஹசன் அலி யூஜெலும், தொடக்கக் கல்வித் தலைவர் இஸ்மாயில் ஹக்கி டோங்குச்சும் திட்டமிட்டார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் நிறைவேறிய சட்டத்தின்படி 'கிராமக் கல்விக்கழகங்கள்' தோன்றின. நாளடைவில் அவற்றின் எண்ணிக்கை 21 ஆயிற்று. ஐந்தாண்டுத் தொடக்கக் கல்வி முடித்த கிராமத்துச் சிறுவரும் சிறுமியரும் அங்கே மேலும் ஐந்தாண்டுகள் தங்கிப் படித்தார்கள். பாதி நேரம் ஏட்டுக் கல்வி, கால்பங்கு வேளாண்மை, கால்பங்கு கொல்லு, தச்சு, கட்டடவேலை. தாங்கள் தங்கிய கட்டடங்களைப் பெரும்பாலும் அவர்களே கட்டினார்கள்.

அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் இசைக்கருவியை வாசிக்கக் கற்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பு. நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர் தனி ஒருவராகக் கிராமத்தில் நின்று பிள்ளைகளைப் பாட வைக்க வேண்டுமே! அதற்குப் பெரும்பாலும் தெரிந்தெடுக்கப்பட்ட கருவி மாண்டலின். தெரிவில் விவேகம் இருந்தது. விலை குறைவு, தோளில் மாட்டிக்கொண்டு மலையேறலாம், வயலினுக்குரிய அதே சுருதியில் அதன் கம்பிகள் கூட்டப்படுவதால், பின்னர் வயலின் கற்க நேர்ந்தால் விரலுக்குப் பழகிய பாதையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உலோகக் கட்டைகள் பதிக்கப்பட்டிருப்பதால் விரலை அந்தக் கட்டத்தில் வைத்து அழுத்தினால் போதும், சுரம் பிசகாது. மண்வெட்டி பிடித்துக் காய்ந்த விரலும் சில வாரங்களில் ஒரு பாட்டை வாசித்துவிடும். மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்த பிள்ளைகள் வரிசையாக நின்று மாண்டலின் வாசிக்கும் புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. காலை நேரத்தில் எல்லாரும் வெளியில் கூடி, தத்தம் வட்டாரத்து ஆட்டங்களை ஆடிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள்.

இவர்களுக்குக் கற்பிக்கும் இசையாசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அங்காராவில் 1924-லேயே இசையாசிரியர்களுக்கென ஒரு பள்ளி நிறுவப்பட்டிருந்தது. 1935 முதல் ஜெர்மானிய இசைமேதை பவுல் ஹிண்டமித் பலமுறை வந்து ஆலோசனை கூறினார். அவரைத் தொடர்ந்து, நாஜிகளின் ஆட்சியில் வாழ வழியற்று 1936-இல் அங்காராவுக்கு வந்து சேர்ந்தவர் எடுவார்ட் சுக்மேயர். நாடக ஆசிரியர் கார்ல் சுக்மேயரின் தமையனார். காஜி கல்விக்கழகத்தின் இசைத்துறையில், நடுநிலைப் பள்ளிகளுக்கான இசையாசிரியர்களை ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் உருவாக்கியவர் அவரே. பிழைக்க வந்தவர் திரும்பிப் போகவேயில்லை. 1972-இல் அங்காராவிலேயே காலமானார். துருக்கியரின் பாட்டுகளைத் துருக்கியப் பிள்ளைகளின் குழுப்பாடலுக்கு ஏற்றவாறு அமைத்துத் தந்ததில் இந்த அயல்நாட்டாருக்குப் பெரும் பங்குண்டு.

ஆயினும் மாண்டலினுக்குள் அந்த இடைவெளிச் சுரம் அடங்கவில்லை. சுரம் பிசகாமல் காத்த அதே உலோகக் கட்டைகள், பிள்ளை தன் ஊர்ப் பாட்டை வாசிக்க முற்பட்டபோது குறுக்கே நின்றன. 'ஸி'யை உயர்த்தியும் வாசிக்கலாம், தாழ்த்தியும் வாசிக்கலாம். பாட்டி பாடியவாறு வாசிக்க இயலாது. (நம் ஊர் ஸ்ரீநிவாஸ் மாண்டலினில் கர்நாடக இசையையே வாசித்துக் காட்டவில்லையா என்று கேட்பவர்கள், அதற்காக அவர் அக்கருவியையே மாற்றி அமைத்துக்கொண்டதையும் நினைவில் கொள்ள வேண்டும்.)

இந்த நிலையில்தான் அந்தக் கல்விக்கழகங்களுக்குள் ஒரு கண்பார்வையற்ற மனிதர் நுழைகிறார். பெயர் ஆஷிக் வெய்செல். சிவாஸ் மாநிலத்தில் சிவ்ரிஅலான் என்னும் சிற்றூரில் 1894-இல் பிறந்தவர். ஏழு வயதில் அம்மை நோயால் பார்வையைப் பறிகொடுத்தார். பிள்ளையின் மனம் ஆறட்டும் என்று தந்தை ஒரு 'சாஸ்' வாங்கிக் கொடுத்தார். தம்புராவைப் போல் நீண்ட கழுத்துடைய நரம்புக் கருவி அது. நாற்பது வயதை எட்டும் வரை அவரை வெளியுலகம் அறியாது. 1931-இல் சிவாஸில் நடந்த நாட்டுப்பாடகர் விழாவில் கவிஞர் அஹ்மத் குத்ஸி தெஜெரின் பார்வையில் பட்டார். குடியரசின் பத்தாம் ஆண்டு நிறைவுக்குத் தாம் இயற்றிய பாடலைப் பாடிக்காட்டுவதற்காக அங்காரா வரை நடந்தே போனவர்.

1940-களில் இவரைக் கிராமக் கல்விக்கழகங்களுக்குச் சாஸ் ஆசிரியராக நியமித்தார்கள். அரிஃபியே, ஹசன்ஒக்லான், சிஃப்தெலர் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல கழகங்களில் அவர் கற்பித்தார். பட்டம் இல்லை, இசைக்குறி தெரியாது, கரும்பலகையைக் கண்ணால் கண்டதில்லை. அவர் வாசிப்பார், பிள்ளைகள் கேட்டு வாசிப்பார்கள். மதரஸாவோடும் தைக்காவோடும் அடைத்துவிட்டதாக அரசு எண்ணிய மஷ்க் முறை, அரசின் சம்பளப் பட்டியலிலேயே பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அவருடைய சாஸின் கழுத்தில் உலோகக் கட்டைகள் இல்லை. சுற்றிக் கட்டிய நரம்புக் கட்டுகள் இருந்தன. மாண்டலினில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு இடங்கள் என்றால், சாஸில் பொதுவாகப் பதினேழு. அதுவும் போதாதென்றால் கட்டைச் சற்றே நகர்த்திக்கொள்ளலாம். பாட்டி பாடிய அந்த 'ஸி' அங்கே இருந்தது. கிராமத்துப் பாட்டே தேசத்தின் சொத்து என்று கோகால்பைப் பின்பற்றி மேடைதோறும் முழங்கியவர்கள், அந்தப் பாட்டுக்குப் பொருந்தாத கருவியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்கள். பொருந்துகின்ற கருவியைக் கொண்டுவந்து சேர்த்தவர் இந்த முதியவர். இருந்தும் நான் மாண்டலினைப் பழிக்க மாட்டேன். அது இல்லையேல் அந்தப் பிள்ளைகளுள் பலர் கையில் எந்தக் கருவியும் இருந்திராது.

கல்விக்கழகங்கள் நீண்ட நாள் வாழவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பதைக் கண்டித்தவர்கள் இருந்தார்கள். அங்கே பொதுவுடைமை வளர்கிறது என்றவர்கள் இருந்தார்கள். படித்த கிராமத்தானைக் கண்டு அஞ்சிய நிலக்கிழார்களும் இருந்தார்கள். முதல் குற்றச்சாட்டில் பெற்றோரின் நியாயமான கவலையும் கலந்திருந்ததை மறுக்க இயலாது. 1946-இல் யூஜெலும் டோங்குச்சும் பதவியிழந்தார்கள். 1954-இல் கழகங்கள் சாதாரண ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளோடு இணைக்கப்பட்டன. அதற்குள் சுமார் 17,000 ஆசிரியர்கள் அவற்றிலிருந்து வெளிவந்திருந்தார்கள். எழுத்தாளர் தாலிப் அபாய்தின் அவர்களுள் ஒருவர். சிஃப்தெலரில் படித்து, இசையாசிரியராகப் பணியாற்றி, பின்னர் கிராம வாழ்வைப் பற்றிய நாவல்களால் பெயர் பெற்றவர்.

வெய்செலுக்கு 1965-இல் துருக்கிய நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி மாதம் 500 லீரா வழங்கியது. தாய்மொழிக்கும் தேச ஒற்றுமைக்கும் அவர் ஆற்றிய தொண்டுக்காக என்று காரணம் கூறப்பட்டது. 1973 மார்ச் 21-இல் அவர் தம் ஊரிலேயே கண்மூடினார்.

துருக்கிய இசையை முறையாகக் கற்பிக்க அரசே நிறுவிய இசைக்கல்லூரி இஸ்தான்புலில் 1976-இல் பாடம் தொடங்கியது. 1926-இல் பள்ளியில் தன் பாட்டை நிறுத்தச் சொல்லப்பட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்பொழுது வயது அறுபத்திரண்டு.