விளக்கின் பெயர் சூடிய மீன்: மலிவு வெளிச்சமும் நிறத்தின் அரசியலும்

1

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வாங்கி வருகிறவர்களிடம் ஒரு புகார் உண்டு. கடையில் தகதகவென்று இருந்த மீன், வீட்டுக்கு வந்ததும் 'டல்' அடித்துவிடுகிறது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் மீன் அதே மீன்தான், மாறியது விளக்கு. கடைத் தொட்டிக்கு மேலே எரிந்தது இளஞ்சிவப்பும் நீலமும் கலந்த விளக்கு. வீட்டில் எரிவது கையில் கிடைத்த ஒரு எல்.இ.டி. பல்பு. அப்படியானால் இந்த இரண்டில் எது மீனின் 'நிஜ' நிறம்?

குறைந்த செலவில் மீனின் நிறத்தை எடுத்துக்காட்ட எந்த விளக்கு வாங்கலாம் என்பது சில்லறைக் கேள்வியாகத் தோன்றும். மீன் வளர்ப்புக் கையேடுகள் வாட் கணக்கில் அதை முடித்துவிடுகின்றன. அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு வரலாறு கிடக்கிறது. யார் பார்ப்பது, எங்கே நின்று பார்ப்பது, பார்க்கப்படுகிற உயிர் எதற்கேற்ப மாற வேண்டும் என்கிற வரலாறு. நிறம் மீனின் தோலில் ஒட்டிக்கிடக்கும் சொத்து என்று நாம் பழகிவிட்டோம். உண்மையில் விளக்கு, நீர், தோல், கண் என நான்கும் சேர்ந்து நிகழ்த்துகிற ஒன்று அது. இந்த நான்கில் காசு கொடுத்துச் சுலபமாக மாற்றக்கூடியது விளக்கு. ஒவ்வொரு காலத்தின் மலிவு விளக்கும் தனக்கென்று ஒரு 'இயல்பான நிற'த்தை நிறுவியது. பிறகு மீனையே அந்த விளக்குக்கு ஏற்பத் திருத்தினார்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

2

மீனைப் பக்கவாட்டில் பார்ப்பது மனிதருக்கு இயற்கையான பழக்கம் அல்ல. சீனத்தில் சோங் அரசர் காலத்தில் (960-1279) குளங்களில் பொன்மீன் வளர்த்தார்கள். மிங் காலத்தில் அது வீட்டுக்குள் பீங்கான் தொட்டிக்கு வந்தது. இரண்டிலும் கண் மேலே, மீன் கீழே. முதுகின் நிறமும் வாலின் விரிவுமே அழகின் அளவுகோல். ஜப்பானின் நிகாட்டா மலைக்கிராமத்து வண்ணக் கெண்டைகள் 1914இல் டோக்கியோ கண்காட்சியில் பெயர்பெற்றபோதும் கதை இதுதான். அங்கே விளக்கு சூரியன், செலவு கிடையாது. மேலிருந்து விழும் ஒளியையும் மேலிருந்து பார்க்கும் கண்ணையும் மனதில் வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாக மீனைத் தேர்ந்து பெருக்கினார்கள். ஆக, பார்வைக்கு ஏற்ப உடலைத் திருத்துவது நவீனம் கண்டுபிடித்த விஷயமல்ல. நவீனம் செய்தது பார்வையின் திசையை மாற்றியது.

இதற்கு ஒரு வரிக்கொள்கையும் காரணம் என்றால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரி 1845இல் நீக்கப்பட்டது, கண்ணாடி மலிந்தது. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் பொன்மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, ஒன்றின் கழிவு மற்றதன் உணவாகிற சமநிலையை எழுதிக்காட்டினார். 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 'மீன் இல்லம்' திறந்தது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுச் சொல்லாக்கியது. நடுத்தர வர்க்கத்து வரவேற்பறையில் ஒரு துண்டுக் கடல் வந்து உட்கார்ந்தது.

உட்கார்ந்ததுமே வெளிச்சம் தொல்லையாயிற்று. ஜன்னலோரம் வைத்தால் பாசி பிடிக்கும், நீர் சூடேறும். உள்ளே தள்ளி வைத்தால் மீனே தெரியாது. பொதுக் காட்சியகங்கள் இதற்கு ஒரு தீர்வு கண்டன. பார்வையாளர் நிற்கும் கூடத்தை இருட்டாக்கி, தொட்டிக்கு மேலிருந்து மட்டும் ஒளியை விட்டார்கள். நீரின் வழியே கசிந்து வருவதுதான் கூடத்துக்கு வெளிச்சம். 1860களிலிருந்து ஐரோப்பிய நகரங்களில் இந்த அமைப்பு பரவியது. பார்க்கப்படுவது வெளிச்சத்தில், பார்ப்பவர் இருட்டில். ஃபூக்கோவைப் படித்தவர்களுக்குப் பெந்தாமின் சிறைக்கூடம் நினைவுக்கு வரும். படிக்காதவர்களுக்குச் சினிமா கொட்டகை போதும்.

இந்தக் காட்சியக மரபு நம்ம ஊருக்கும் வந்தது. 1909இல் மதராஸ் மெரினாவில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். அதே 1909இல்தான் ஏழு தொகுதிகளாக அவருடைய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' வெளிவந்தது. மனிதரின் மூக்கு அகலத்தைக் கருவி வைத்து அளந்து வகைப்படுத்திய ஒருவரின் பெயரே கடல்மீனைக் கண்ணாடிக்குப் பின்னால் வகைப்படுத்தி வைத்த காட்சியகத்தோடும் சேர்ந்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. இரண்டிலும் உயிரை அதன் இடத்திலிருந்து பெயர்த்து, சீரான வெளிச்சத்தில் நிறுத்தி, 'இதுதான் இது' என்று பெயர்ச்சீட்டு ஒட்டுகிற வேலை இருக்கிறது.

3

பெயர்ச்சீட்டு என்றதும் நியான் டெட்ராவைச் சொல்லியாக வேண்டும். தொட்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த மீன்: ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்கும், விலை குறைவு, நீலப் பட்டை, கீழே பாதிக்குச் சிவப்பு. ஜார்ஜ் கிளாட் தன் நியான் குழல்விளக்கைப் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் காட்டியது 1910 டிசம்பரில். அடுத்த இருபது ஆண்டுகளில் அது பெருநகர இரவுகளின் விளம்பர எழுத்தாயிற்று. மேல் அமேசானின் சிற்றோடைகளிலிருந்து பிடிபட்ட இந்த மீனை ஜார்ஜ் மையர்ஸ் 1936இல் அறிவியல்முறையில் விவரித்தார். இனப்பெயராக வைத்தது வில்லியம் இன்னெஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியரின் பெயரை. அவர் நடத்தியது மீன் வளர்ப்புப் பத்திரிகை. சந்தை வைத்துக்கொண்டதோ விளக்கின் பெயரை. ஓடைக்கரையில் வாழ்ந்த மக்கள் அதை என்னவென்று அழைத்தார்கள் என்பது எந்தக் கடையிலும் எழுதி வைக்கப்படவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த மீனில் நீல நிறமியும் இல்லை, அது ஒளி உமிழ்வதும் இல்லை. தோலின் உயிரணுக்களில் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக உள்ளன. தகடுகளுக்கு இடையிலான தூரம் எந்த அலைநீளத்துக்குப் பொருந்துகிறதோ அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும். சோப்புக் குமிழியில் வானவில் தெரிகிற மாதிரிதான். இரவில் இடைவெளி மாறி நீலம் ஊதாப் பக்கம் நகர்ந்து மங்கும். வெளிச்சம் வந்தபின் பழைய நிலைக்குத் திரும்பும். தேநீர் நிறத்து ஓடைநீரில், இலைச்சருகு மூடிய இருண்ட அடித்தரைக்கு மேலே, மங்கலான ஒளியில் கூட்டம் சிதறாமல் இருக்க உதவுகிற அடையாளம் அந்தப் பட்டை என்று கொள்ளலாம். நாம் அதை வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய தொட்டியில், தலைக்கு மேலே கடும் வெளிச்சத்தில் விட்டுவிட்டு, 'நியான் ஏன் எரியல' என்று கேட்கிறோம். விளக்கின் பெயரை வைத்தாயிற்று, அதனால் விளக்கு மாதிரி எரிய வேண்டும் என்கிறோம். உவமை முதலில் வருகிறது. உயிர் பின்னால் ஓடி வந்து அதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

4

இனி விளக்குகளின் கதை. குண்டு பல்பு மஞ்சளும் சிவப்பும் நிறைந்தது, நீலத்துக்கு ஏழை. அதன்கீழ் பொன்மீன் ஜொலிக்கும். நியானின் நீலம் சோர்ந்து போகும். மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகிப் போவதால் சிறிய தொட்டியின் நீரும் சூடாகும். 1938இல் ட்யூப்லைட் விற்பனைக்கு வந்தது. செலவு குறைந்தது, நீர் குளிர்ந்தது. ஆனால் சாதாரண 'கூல் ஒயிட்' குழலில் சிவப்பு குறைவு. பொன்மீன் வெளிறியது. 1960களில் சில்வேனியா நிறுவனம் செடி வளர்க்கவென்று குரோ-லக்ஸ் என்ற குழலை விற்றது. செடி உறிஞ்சும் சிவப்பையும் நீலத்தையும் கூட்டி, நடுவிலுள்ள பச்சையைக் குறைத்தார்கள். அந்த இளஞ்சிவப்பு ஒளியில் சிவப்பு மீனும் நீல மீனும் சேர்ந்தே 'தூக்கலாக'த் தெரிவதை மீன்காரர்கள் கண்டுகொண்டார்கள். செடிக்காகச் செய்த விளக்கு கடையின் ஒப்பனைப் பொருளாயிற்று. இன்று கடையில் நம்மை மயக்குகிற இளஞ்சிவப்புக்கு மூதாதை அதுதான்.

'சரியான' நிறம் எது என்பதற்கும் ஒரு நிறுவனம் அளவுகோல் வைத்திருக்கிறது. சர்வதேச ஒளியியல் ஆணையம் 1965இல் வெளியிட்ட நிறத்திறன் குறியீட்டைத்தான் பல்புப் பெட்டிகளில் சி.ஆர்.ஐ. என்று போடுகிறார்கள். எட்டு மாதிரி நிறங்கள் ஒரு விளக்கின்கீழ் எவ்வளவு பிசகாமல் தெரிகின்றன என்பதன் சராசரி அது. எட்டுமே அடங்கிய, மிதமான நிறங்கள். அடர்சிவப்பு அந்த எட்டில் இல்லை. ஒன்பதாவது மாதிரியாகத் தனியே நிற்கிறது. ஆகவே சிவப்பைக் கொன்றுவிட்ட விளக்கும் எண்பது மதிப்பெண் வாங்கித் தேறிவிட முடியும். சராசரி என்பது யாரை வெளியே நிறுத்திவிட்டுக் கணக்கிடப்படுகிறது என்று கேட்கப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

ஜப்பானில் 1993இல் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்துகாட்டினார். 2014இல் அகசாகி, அமானோ இருவரோடு சேர்த்து அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாம் 'வெள்ளை' என்று வாங்குகிற எல்.இ.டி.க்குள் எரிவது அந்த நீலம்தான். மேலே பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் அதை வெள்ளையாக்கிக் காட்டுகிறது. இந்திய அரசு 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்துக்கான மொத்தக் கொள்முதலில், 2014இல் 310 ரூபாயாக இருந்த பல்பின் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. ஏழை வீட்டுக்கும் நல்ல வெளிச்சம் வந்தது; அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலிவான வெள்ளையில் நீலம் மிகுதி, அடர்சிவப்பு சொற்பம். அதன்கீழ் நியானின் பட்டை தப்பிக்கும், அடிவயிற்றுச் சிவப்பு செங்கல் நிறமாகும். வீட்டுக்கு வந்த மீன் 'டல்' அடித்ததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

5

விளக்கை மாற்றுவது போதாமல் மீனை மாற்றுவது அடுத்த கட்டம். தெற்காசிய ஆறுகளில் வாழும் கண்ணாடி மீனுக்கு நிறமே கிடையாது. எலும்பும் குடலும் வெளியே தெரியும் உடல், அதுதான் அதன் அழகு. வியாபாரிகள் அதன் முதுகில் ஊசியால் சாயம் ஏற்றி 'டிஸ்கோ மீன்' என்று விற்றார்கள். ஊசிக் காயமும் தொற்றும் வந்து பல செத்தன. பிழைத்தவற்றில் சாயம் சில மாதங்களில் வெளுத்தது. 1990களில் பிரிட்டனின் மீன் வளர்ப்பு இதழொன்று இதை எதிர்த்து இயக்கமே நடத்தியது.

அடுத்தது வரிக்குதிரை மீன். 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கைப் பகுதியிலிருந்து விவரித்த, நம் ஓடைகளின் சாதாரண மீன். அதன் கருவில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜெல்லிமீனின் ஒளிர்புரத மரபணுவைச் செலுத்தினார்கள். நீர் மாசைக் காட்டிக்கொடுக்கும் மீனை உருவாக்குவது ஆய்வின் நோக்கங்களில் ஒன்று. 2003இல் அது 'குளோஃபிஷ்' என்ற வணிகப்பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அது முழுசாக மிளிர நீல விளக்கு தேவை. அதையும் அதே பெயரில் விற்கிறார்கள். இங்கே வட்டம் முழுமையடைகிறது. விளக்குக்காகவே மீன், மீனுக்காகவே விளக்கு, இரண்டுக்கும் ஒரே முத்திரை. பண்ணையிலிருந்து தப்பிய இந்த மீன்கள் பிரேசில் ஓடைகளில் இனம் பெருக்குவதை 2022இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். காட்சிக்கென்று செய்த உடல் காட்சிக்கு வெளியேயும் போய்விட்டது.

6

இத்தனையிலும் கேட்கப்படாத ஒரு கேள்வி: மீன் எதைப் பார்க்கிறது? 1910களின் தொடக்கத்தில் ம்யூனிக் நகரின் புகழ்பெற்ற கண் மருத்துவப் பேராசிரியர் கார்ல் ஃபொன் ஹெஸ், மீனுக்கு நிறக்குருடு என்று சாதித்தார். இளைஞரான கார்ல் ஃபொன் ஃபிரிஷ் சிறிய ஆற்றுமீன்களை ஒரு நிறத்துக்கு உணவு கிடைக்கும் என்று பழக்கி, பல சாம்பல் சாயல்களுக்கு நடுவே அந்த நிறத்தை மட்டும் அவை தேடிப் போவதைக் காட்டினார். பொன்மீனின் கண்ணில் நான்குவகைக் கூம்பணுக்கள் உண்டு. நமக்குத் தெரியாத புறஊதாவும் அதற்குத் தெரியும். போதாததற்கு, மீன் தரையின் சாயலைப் பார்த்துத் தன் நிறத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. வெண்மணல்மேல் பல மீன்கள் வெளிறும், கரியதன்மேல் செறிவடையும். மிரண்ட மீனும் வெளிறும். நிறம் அதன் பதில்மொழி; நாம் அதைச் சுவர்ப்பூச்சு மாதிரி நடத்துகிறோம்.

இதிலிருந்து, காசில்லாதவருக்கும் எட்டுகிற சில முடிவுகள் வருகின்றன. முதலில் மாற்ற வேண்டியது தரையும் பின்புறமும்: கரிய மணல், தொட்டியின் முதுகில் ஒரு கறுப்புத் தாள். விளக்கில் 6500 கெல்வின் பகல்வெள்ளை, சி.ஆர்.ஐ. தொண்ணூறுக்கு மேல் என்று பெட்டியில் இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு பகல்வெள்ளைப் பல்பும் 3000 கெல்வின் மஞ்சள்வெள்ளைப் பல்பும் அருகருகே போடலாம். விட்டுப்போன சிவப்பில் ஒரு பங்கு திரும்பும். விளக்கைத் தொட்டியின் முன்விளிம்புக்கு மேலே வைத்தால் நம் பக்கம் இருக்கும் விலாவில் ஒளி விழும். பின்னால் வைத்தால் நிழலுருவம்தான் மிஞ்சும். தினம் எட்டு மணிநேரம் போதும். அதற்குமேல் வளர்வது பாசி. மிதக்கும் செடி கொஞ்சம் நிழல் தரட்டும். இரவு இருட்டாகவே இருக்கட்டும். கடையில் வாங்கும்போது, அந்த மினுக்கு விளக்கை அணைத்துவிட்டு ஒருதரம் காட்டச் சொல்லுங்கள்.

இதெல்லாம் செய்தாலும் கடைத்தொட்டியின் தகதகப்பு வீட்டுக்கு வராது. அது விளக்கின் நிறம். மீனோடு சேர்த்து அதை யாரும் பொட்டலம் கட்டித் தர முடியாது. வீட்டில் கிடைப்பது வேறொன்று: நிழலிலிருந்து வெளியே வரும்போது கூடி, பயந்தால் மங்கி, இரவில் வண்ணம் மாறி, மறுநாள் திரும்பி வருகிற நிறம். அதைப் பார்க்கப் பெரிய செலவு ஆகாது. கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.