ஒசானாம்: வேலைக்கு அப்பால் ஓர் அழைத்தல்

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்த காலத்தில் 'வொக்காசியோன்' என்ற சொல்லுக்கு எங்களுக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான். ஒரு பையனுக்கு அது உண்டென்றால் அவன் குருமடத்துக்குப் போவான். பெண்ணுக்கு உண்டென்றால் கன்னியர் மடம். தமிழில் தேவ அழைத்தல் என்றாலும் அதே அர்த்தம்தான். கல்யாணம் செய்துகொண்டு, அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்துக் காலம் கழித்தவனுக்கு அழைத்தல் ஏது?

இதற்கு நல்ல பதில் பிரெதெரிக் ஒசானாமின் வாழ்க்கை. நம் பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையை உங்களுக்குத் தெரியும். அதைத் தொடங்கியவர்கள் சாமியார்கள் அல்லர். ஒசானாமும் அவருடைய மாணவ நண்பர்களும்தான். புனித வின்சென்ட் அவர்களுக்கு இரு நூற்றாண்டு முந்தியவர். அவர் பெயரைச் சபைக்கு வைத்தார்கள், அவ்வளவே.

ஒசானாம் 1813இல் மிலானில் பிறந்து லியோனில் வளர்ந்தவர். அப்பா டாக்டர். 1831இல் சட்டம் படிக்கப் பாரீசுக்கு வந்தார். மறு ஆண்டே அங்கே காலரா பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மாணவர்களின் சரித்திர விவாதக் கூட்டங்களில் ஒசானாம் திருச்சபைக்காக வாதாடுவார். ஒருநாள் எதிர்த்தரப்பு மாணவர் ஒருவர், பழைய பெருமை இருக்கட்டும், இன்று நீங்கள் செய்வது என்ன என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி உறைத்தது.

1833 ஏப்ரல் 23, அவருடைய 20ஆம் பிறந்தநாள். அன்று சில நண்பர்கள் பத்திரிகையாளர் பாயியின் தலைமையில் முதன்முறையாகக் கூடினார்கள். நல்ல மனம் இருந்ததே தவிர, ஏழை வீட்டுக்குள் எப்படிப் போவது, என்ன பேசுவது என்ற பழக்கம் இல்லை. மூஃப்தார் தெருப் பக்கத்துக் குடிசைவாசிகளிடையே பல்லாண்டு உழைத்த கன்னியர் ரொசாலி ராந்துவிடம் போனார்கள். அவர்தான் குடும்பங்களைக் காட்டி, வழியும் சொல்லிக்கொடுத்தார். காசை நீட்டிவிட்டுத் திரும்பாமல், வீடு தேடிப் போய், உட்கார்ந்து, கேட்டுவர வேண்டும். அந்த வீடு தேடிப் போகும் வழக்கம் சபையில் இன்றும் இருக்கிறது.

பிறகு ஒசானாம் இரண்டு டாக்டர் பட்டம் பெற்றார். ஒன்று சட்டத்தில், மற்றது இலக்கியத்தில். லியோனில் வணிகச் சட்டம் கற்பித்தார். அப்புறம் சோர்போனில் வெளிநாட்டு இலக்கியப் பேராசிரியர். துறவியாகலாமா என்று வெகுநாள் யோசித்தவர், 1841இல் அமெலி சுலாக்ருவாவைக் கைப்பிடித்தார். ஒரு பெண் குழந்தை. சம்பளத்துக்குப் பாடம் நடத்தினார், குடும்பம் நடத்தினார், ஏழைகள் வீட்டுக்கும் போய்வந்தார். ஒன்றுக்காக மற்றொன்றை விடவில்லை. 1853இல் மர்சேயில் காலமானபோது வயது 40தான். 1997இல் பாரீஸ் நோத்ர்தாம் கோயிலில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

பென்ஷன் வாங்கும் நண்பர்கள் பலர், இனி நமக்கு என்ன இருக்கிறது என்கிறார்கள். உத்தியோகத்தை 58இலோ 60இலோ சர்க்கார் முடித்துவைக்கும். அழைத்தலுக்கு அப்படி ஓர் ஆணை கிடையாது. அதற்குப் பதவியும் வேண்டாம். வாரம் ஒருநாள், தெருக்கோடியில் தனியாகக் கிடக்கும் ஒருவர் வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார முடிந்தால் போதும். நம் முழங்கால் வலிக்கு மாடி ஏற முடியாவிட்டால், கீழ்வீடாகப் பார்த்துப் போகலாம்.