மின்னேறிய துளியின் கதை

தாமரை இலையில் விழுந்த நீர்த்துளி முத்துப்போல் திரண்டு நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நீரின் மேற்பரப்பு இழுவிசையே அதனை அவ்வாறு சேர்த்துப் பிடித்திருக்கின்றது. அத்துளிக்கு மின்னேற்றம் கொடுத்தால் நிகழ்வது யாது? ஒரே வகையான மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவன. ஆதலின் அவை துளியைச் சிதறடிக்க முயலும். சேர்க்கும் விசைக்கும் பிரிக்கும் விசைக்கும் இடையே நிகழும் இப்போராட்டத்தை ஆராய்ந்தவர்களின் வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இதனை முதன்முதலில் கணக்கிட்டு உரைத்தவர் ஆங்கில விஞ்ஞானியாகிய றேலி பிரபு ஆவார். ஒரு துளி தாங்கக்கூடிய மின்னேற்றத்துக்கு ஓர் எல்லை உண்டென்றும், அதனைக் கடந்தால் திரவம் நுண்ணிய தாரைகளாகப் பீறிட்டு வெளியேறும் என்றும் 1882ஆம் ஆண்டில் அவர் எழுதினார். துளி சிறுக்கச் சிறுக்க இவ்வெல்லையும் குறையும். ஆரை நாலில் ஒன்றானால், தாங்கக்கூடிய மின்னேற்றம் எட்டில் ஒன்றாகிவிடும். துளி உலரும்போது நீர் ஆவியாகிச் செல்கின்றது. மின்னேற்றமோ எஞ்சி நிற்கின்றது. ஆகவே மின்னேறிய துளி உலர்தல் என்பது, அது தன் எல்லையை நோக்கி நடத்தலே எனலாம்.

அமெரிக்க நாட்டு மினசோட்டாவில் யோன் செலெனி என்பவர், நுண்ணிய குழாய் முனையில் நிற்கும் திரவத்துக்கு உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்து ஆராய்ந்து 1914இல் முடிவுகளை வெளியிட்டார். திரவம் கூம்பாக நீண்டு சிதறுவதை அவர் 1917இல் வெளியிட்ட ஒளிப்படங்கள் காட்டின. அக்கூம்பின் வடிவத்தை 1964இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜி. ஐ. டெய்லர் கணிதத்தால் விளக்கினார்.

இதுவரை இது பௌதிகவியலாரின் கதை. இதனுள் இரசாயனத்தைக் கொணர்ந்தவர் மல்கம் டோல். மூலக்கூறுகளின் திணிவை அளக்கும் திணிவு நிறமாலைமானி என்னும் கருவி அக்காலத்தில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் பெரிய மூலக்கூறுகளை அதனுள் செலுத்த இயலவில்லை. அவற்றை ஆவியாக்கச் சூடேற்றினால் அவை சிதைந்துபோயின. மோட்டார் வண்டிகளுக்கு மின்முறையால் வர்ணம் தெளிப்பதைக் கண்ட டோல், மூலக்கூறுகளையும் அவ்வாறே தெளிக்கலாமே என எண்ணினார். துளியிலுள்ள நீர் முழுவதும் உலர்ந்தபின், அதனுள்ளிருந்த மூலக்கூறு மின்னேற்றத்துடன் எஞ்சும் என்பது 1968இல் அவர் கூறிய கருத்து. 1976இல் ரொறன்ரோவைச் சேர்ந்த இரிபார்ன், தொம்சன் என்னும் இருவர் வேறொரு வழி கூறினர்: துளி போதிய அளவு சிறுத்ததும், உலர்ந்து முடியுமுன்னரே, அயன் அதிலிருந்து தள்ளுண்டு வெளியேறும் என்றனர்.

யேல் பல்கலைக்கழகத்தில் யோன் பென் இம்முறையைப் பயன்தரு கருவியாக்கினார். 1984இல் அவரும் யமஷித்தாவும் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். அதே ஆண்டில் லெனின்கிராட்டிலும் இத்தகைய ஆய்வொன்று தனியே வெளிவந்தது. 1980களின் முடிவில் பெரும் புரதங்களும் சிதையாமல் அளக்கப்பட்டன. யானைகளுக்குச் சிறகு பூட்டியது போன்றது இது எனப் பென் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். 2002இல், தமது 85ஆம் வயதில், இரசாயனத்துக்கான நொபெல் பரிசில் பங்கு பெற்றார்.

ஆனால் வெற்றியோடு ஒரு ஐயமும் பிறந்தது. அமினோ அமிலங்கள் மணிகளைப்போல் கோக்கப்பட்ட சங்கிலியே புரதம்; குறுகிய சங்கிலியைப் பெப்தைட்டு என்பர். அது எவ்வாறு மடிந்திருக்கின்றது என்பதிலேயே அதன் தொழில் தங்கியுள்ளது. அம்மடிப்புக்கோ நீர் பெருந்துணை. நீர் முழுவதும் நீங்கியபின் கருவி அளக்கும் வடிவம், உடலினுள் இருந்த வடிவந்தானா? அல்லது துளி உலரும் வழியில் தோன்றிய வேறொன்றா? மருந்துக்கும் நோய்க்கும் உரிய மூலக்கூறுகளை இக்கருவியால் ஆராய்பவர்களுக்கு இது விட்டுவிடக்கூடிய கேள்வியன்று.

துளியோ ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கினும் சிறியதாகிவிடுகின்றது. அதனுள் நிகழ்வதை எக்கண்ணும் காணாது. இங்கேதான் கணினி துணைக்கு வந்தது. அணுக்களுக்கிடையேயுள்ள விசைகளைக் கணக்கிட்டு, அவற்றின் அசைவைப் படிப்படியாகத் தொடரும் முறை அது. ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 1964இல் 864 ஆகன் அணுக்களை இவ்வாறு தொடர்ந்தார். 1977இல் ஹார்வாட்டில் மக்கமன், கெலின், கார்ப்பிளசு ஆகியோர் 58 அமினோ அமிலங்களைக் கொண்ட ஒரு புரதத்தின் அசைவைக் கணித்தனர். அவர்கள் கண்ட காலம் 10 பிக்கோசெக்கனுக்கும் குறைவு. ஒரு செக்கனை இலட்சம் கோடியாகப் பகுத்தால் வருவது ஒரு பிக்கோசெக்கன்.

இந்த நூற்றாண்டில் உலரும் துளியையே கணினியில் அமைத்தனர். கனடாவின் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் கொனர்மன் குழுவினர் செய்த ஆய்வுகள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. துளியைவிட்டு நீங்கிய நீர் மூலக்கூறுகளை அவ்வப்போது அகற்றிக் கணிப்பைத் தொடர்ந்தனர். துளி சிறுத்தபோது, மின்னேறிய அயன்கள் சிறிது நீரைச் சுமந்தவாறு ஒவ்வொன்றாக வெளியேறின. துளியோ றேலி பிரபு வகுத்த எல்லையை ஒட்டியே சென்றது. உருண்டு மடிந்த புரதம், டோல் கூறியவாறு, இறுதிவரை உள்ளே தங்கிப் பெரிதும் தன் வடிவம் கெடாது எஞ்சியது. சிறிய அயன்களுக்கு இரிபார்ன், தொம்சன் கூற்றே பொருந்தியது. மடிப்புக் குலைந்த சங்கிலியோ, ஒரு முனை முதலில் வெளியே நீள, நூல் இழுபடுவதுபோல் துளியைவிட்டு வெளியேறியது. இரு தரப்பினரும் தத்தம் இடத்தில் சரியே உரைத்திருந்தனர்.

பரிசோதனையும் இதற்குத் துணைநின்றது. 11 அமினோ அமிலங்களைக் கொண்ட, ‘பொருள் பி’ எனப்படும் நரம்புப் பெப்தைட்டை அமெரிக்க ஆய்வாளர் நீர் நீங்கும் படிகள்தோறும் நோக்கி 2013இல் முடிவை வெளியிட்டனர். நீர் நீங்கியபின்னும் அது அடக்கமான வடிவிலேயே சிக்கி நின்றது. சூடேற்றியபோதுதான் நீண்ட வடிவுக்கு மாறியது. கருவியை மென்மையாகக் கையாண்டால் பழைய வடிவின் சுவடு நிலைக்கும். வன்மையாகக் கையாண்டால் அழியும்.

எனினும் கணினி காட்டுவது, நாம் அதற்குக் கொடுத்த விதிகளின் பயனேயன்றி இயற்கையின் நேர்ச்சாட்சியன்று. புரோத்தன்கள் இடம் தாவுவதைக் காட்டுதல் கடினமாதலின், பல கணிப்புகளில் அவற்றுக்குப் பதிலாகச் சோடியம் அயன்களையே வைத்தனர்; காலத்தைச் சுருக்குதற்கு வெப்பநிலையையும் உயர்த்தினர். ஆகவே கணிப்பைப் பரிசோதனையும், பரிசோதனையைக் கணிப்பும் மாறிமாறித் திருத்தவேண்டியுள்ளது. உலரும் ஒரு துளியைப் பற்றி 1882இல் காகிதத்தில் எழுதப்பட்ட கணக்கு, இன்றும் அத்திருத்தத்துக்கு உரைகல்லாய் நிற்கின்றது.