கவர்னர் கப்பலேறினார், ஹைதர் வந்தார்

குறும்பர் கோட்டை கட்டி ஆண்ட ஊர் புழல். அந்தக் கோட்டை மேட்டில் ஹைதர் அலியும் பாளையம் இறங்கினார் என்று ஒரு வழக்கு உண்டு. அது எப்படியோ போகட்டும். 1780 ஆகஸ்டில் அவருடைய குதிரைப்படை சாந்தோம் வரை வந்து சூறையாடியதற்கு ஏட்டிலேயே சாட்சி இருக்கிறது. மைசூர்க் குதிரைகள் பட்டணத்து வாசலுக்கு வரும்வரை சென்னைக் கோட்டையில் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

போன வாரம் கவர்னர் பிகட் கைதான கதையைப் பார்த்தோம். அந்த அசிங்கத்தைக் கழுவத்தான் 1778 பிப்ரவரியில் சர் தாமஸ் ரம்போல்ட் வந்து இறங்கினார். பிளாசியில் கிளைவுக்கு எடுபிடி அதிகாரியாக நின்று காயம்பட்ட ஆள். வடசர்க்கார் ஜமீன்களுக்குப் போய்க் கணக்குப் பார்க்க ஒரு கமிட்டி இருந்தது. வந்ததும் அதைக் கலைத்துவிட்டு, ஜமீன்தார்களையே சென்னைக்கு வரச் சொன்னார். விஜயநகரம் பக்கத்திலிருந்து அத்தனை தூரம் வருகிறவர்கள் கவர்னரை வெறுங்கையோடா பார்ப்பார்கள்? சம்பளத்துக்கு மேல் பல மடங்கு பணம் லண்டனுக்குப் போனது என்பதுதான் பின்னால் எழுந்த குற்றச்சாட்டு.

லஞ்சத்தைவிட விபரீதம் குண்டூர் விவகாரம். நிஜாமின் தம்பி பசாலத் ஜங்கிடமிருந்து குண்டூரைக் குத்தகைக்கு வாங்கி, அதை ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு உள்குத்தகைக்கு விட்டார். நவாபோ கும்பெனி உத்தியோகஸ்தர்களிடமே கழுத்தளவு கடன்பட்டவர். நிஜாம் கொதித்தார். ஹைதரும் எதிரணியில் சேர்ந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லி 1780 ஏப்ரலில் ரம்போல்ட் கப்பலேறினார். ஜூலையில் ஹைதர் மலை இறங்கினார்.

குண்டூர்ப் பக்கம் நிறுத்தியிருந்த படையை கர்னல் பெய்லி அவசரமாகத் தெற்கே நடத்திவந்தார். கும்மிடிப்பூண்டி தாண்டி ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலை ஆற்றுக்கு வந்து சேர்ந்தார். இன்று எண்ணூரில் கடலில் விழுகிறதே, அதே ஆறு. அன்றைக்கு இறங்கி நடந்தே கடக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வடகரையில் கூடாரம் அடித்தார். ராத்திரி வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரம் வரை படை கரையிலேயே கிடந்தது. செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில், ஹைதரும் மகன் திப்புவும் அந்தப் படையை நசுக்கினார்கள். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையில் செத்தார். பெய்லியின் மெத்தனத்தைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அந்தப் படையைக் குண்டூர்ப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது ரம்போல்டின் பேரம்.

லண்டனில் ஊர் சிரித்தது. ஏற்கெனவே ஊருக்கு வந்துவிட்டவரை 1781 ஜனவரியில் கும்பெனி டைரக்டர்கள் டிஸ்மிஸ் செய்தார்கள். 1782-இல் ஹென்றி டண்டாஸ் தலைமையிலான பாராளுமன்ற ரகசியக் கமிட்டி கண்டனத் தீர்மானங்களை அடுக்கியது. அதையொட்டி, கோர்ட்டுக்குப் போகாமல் பாராளுமன்றமே தண்டிக்கும் மசோதா ஒன்று வந்தது. வேடிக்கை என்னவென்றால், குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் அதே சபையில் உறுப்பினர்! பணம் அனுப்பியது உண்மை, ஆனால் அது வங்காளத்தில் முன்பே சேர்த்தது என்று அவர் பக்கம் வாதாடினார்கள். விசாரணை நீள நீள, கேட்க வரும் உறுப்பினர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 1783 ஜூலை 1 அன்று, அக்டோபருக்கு ஒத்திவைக்கலாம் என்று தீர்மானம் வந்தது. அக்டோபரில் சபையே கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

இப்படித் தப்பியவர் அவர் மட்டுமல்ல. 1974 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன், பதவிநீக்கத் தீர்மானம் முழுச் சபையில் ஓட்டெடுப்புக்கு வருமுன் ராஜினாமா செய்தார். அடுத்த மாதமே அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவருக்காவது நாற்காலி போனது. ரம்போல்ட் 1790 வரை எம்.பி.யாகவே இருந்தார்.

மசோதா ஓய்ந்த பிறகு, ரம்போல்டைத் துரத்திய டண்டாஸின் கூட்டணிக் கணக்குகளும் மாறியிருந்தன. 1785-இல் எட்மண்ட் பர்க் ஆற்காட்டுக் கடன்களைப் பற்றி எழுந்து பேசியபோது, அவர் தாக்கியவர்களில் டண்டாஸும் ஒருவர். நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களில் முதல் பெயர் பால் பென்ஃபீல்ட். ரம்போல்ட் 1791-இல் இறந்தார். ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் அவர் கட்டிய உட்ஹால் மாளிகையை மூன்று வருடம் கழித்து விலைக்கு வாங்கியவர் அதே பென்ஃபீல்ட்.

(தொடரும்)